பூனைக்கு ஏது கொடியேற்றம்?

கம்பநாடர் தமது இராமகாதையின் தொடக்கத்திலே அவையடக்கம் கூறப் புகுந்தவிடத்துத் தம்மை ஒரு பூனைக்கு ஒப்பிட்டார். பாற்கடலின் கரையை அடைந்து, அதனை முழுவதும் நக்கிக் குடித்துவிட ஆசைப்பட்ட பூனை அது. விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருக என மலராசிரியர் கேட்டெழுதியபோது எமக்கும் அப்பூனையே நினைவுக்கு வந்தது. நீதியரசரும் மருத்துவரும் பேராசிரியரும் எழுதும் பக்கங்களுக்கிடையே, தபாற் கந்தோரிலே 35 ஆண்டுகள் கணக்கெழுதி இளைப்பாறிய யாம் எதனை எழுதுவது? பலநாள் எண்ணிப் பார்த்து, அறியாத பொருளை எழுதி அல்லற்படுவதிலும் அறிந்ததை எழுதுவதே நன்று எனத் துணிந்தோம். அண்மைக் காலத்திலே யாம் ஐயந்திரிபற அறிந்துகொண்ட பொருள் ஒன்றே ஒன்று. உண்ண மறுக்கும் பூனையை உண்ணச் செய்வது எங்ஙனம் என்பதே அது.

இதுவும் ஒரு விழா மலருக்கு ஏற்ற பொருளோ என நகைப்போர் சிறிது பொறுத்தருள்க. எமது பூனையின் கதை நல்லூரிலே தொடங்கினாலும், 60 ஆண்டுகளுக்கு முந்திய விடுதிச் சமையற்கட்டுக்குள் ஒருமுறை நுழையாமல் முடிவதில்லை.

2023ஆம் ஆண்டு ஆனி மாத இறுதியிலே எம் மகளும் மருமகனும் எட்டு வயதுப் பேத்தியும் கனடாவுக்குக் குடிபெயர்ந்தனர். அதற்கு முந்திய ஆண்டிலே எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் பால்மாவுக்கும் நாட்டு மக்கள் நின்ற வரிசைகளை யாரும் மறந்திரார். அவ்வரிசைகளிலே நின்று களைத்து, இனிப் போவதே வழி எனத் துணிந்தோருள் அவர்களும் அடங்குவர். புறப்படும் நாளன்று பேத்தி ஓர் அட்டைப் பெட்டியை எம் கையிலே தந்தாள். உள்ளே பஞ்சு என்னும் வெள்ளைப் பூனை.

"அம்மப்பா, பஞ்சு சாப்பிடாட்டி எனக்குச் சொல்லோணும்."

"பூனை சாப்பிடாமல் இருக்குமோ, பிள்ளை? நீ ஒண்டுக்கும் யோசியாதை."

இவ்வாறு வாக்களித்தபோது யாம் பூனையின் இயல்பையும் அறிந்திலோம். எமது அறியாமையின் அளவையும் அறிந்திலோம்.

யாம் வாழும் வீடு நல்லூருக்கு அண்மையில் உள்ளது. எம் மனையாளுக்குச் சீதனமாக வந்த வீடு. அவளுடைய பாட்டனார் காலந்தொட்டு மச்சம் புழங்காத அடுக்களை அது. பஞ்சுவோ எம் மகள் வீட்டிலே, கடையில் விற்கும் உலர்தீனை உண்டு வளர்ந்தது. பெட்டியோடு வந்த ஒரு பை உலர்தீன் ஐந்து வாரங்களுக்குப் போதுமானதாயிற்று. அது முடிந்த அன்று, வாயில்லாச் சீவனுக்குப் பிறநாட்டுத் தீன் எதற்கு, யாம் உண்பதில் ஒருபிடி அதற்கும் வைத்தாற் போயிற்று என முடிவு செய்தோம். சிக்கனமும் சைவமும் ஒருங்கே வாய்க்கும் முடிவு என உள்ளூர மகிழ்ந்தோம் என்பதையும் மறைப்பதற்கில்லை.

முதலிலே பால் வைத்தோம். கம்பர் பாடிய பூனைக்குக் கடலளவு பால் வேண்டியிருந்தது. எமது பூனை ஒரு சிரட்டைப் பாலை மோந்து பார்த்துவிட்டு அப்பாற் சென்றது. நண்பகலிலே பருப்பும் நெய்யும் இட்டுப் பிசைந்த சோறு வைத்தோம். மாலையிலே இடியப்பமும் சொதியும். மறுநாட் காலை புட்டும் வாழைப்பழமும். பின்னர் தயிர்ச்சோறு. பேத்திக்குப் பாயாசம் விருப்பமாதலின் அவள் வளர்த்த பூனைக்கும் விருப்பமாயிருக்கும் என்று எண்ணிப் பாயாசமும் வைத்துப் பார்த்தாள் எம் மனையாள். ஒரு கட்டத்திலே ஐந்து சிரட்டைகள் ஐந்து வகை உணவோடு வரிசையாக இருந்தன. பஞ்சு அவ்வரிசையை மெல்ல நடந்து பார்வையிட்டது. இறுதிச் சிரட்டையின் அருகே நின்று, பூனைகள் மலங்கழித்தபின் மண்ணைச் சுரண்டி மூடுமே, அவ்வாறே முன்னங்காலாற் சீமெந்துத் தரையைச் சுரண்டி எமது உணவை மூடிவிட முயன்றது.

எம் மனையாளின் சமையலைக் குறைகூறினார் இதுகாறும் எவருமிலர். அவளுடைய முகத்தைப் பார்க்க எமக்குத் துணிவில்லை.

"திமிர். இரண்டு நாள் கிடக்கட்டும், தன்பாட்டிலை தின்னும்" என்றாள்.

யாமும் அதனை ஒத்துக்கொண்டோம். பசி ருசி அறியாது என்னும் பழமொழி இருக்கின்றதன்றோ? அன்றியும் வள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்திலே நன்கு பசித்தபின் உண்ணுதலை வற்புறுத்துகின்றார். ஆகவே பஞ்சு பசிக்கும்வரை காத்திருப்பது வள்ளுவருக்கும் உடன்பாடே எனத் தேறினோம். கற்ற நூலைத் தம் சோம்பலுக்குத் துணையாக்கும் வித்தையிலே எம்போல்வார் தேர்ந்தவர்.

தமிழர் வழக்கிலே பொய்த்தவம் பூண்டாரை உருத்திராக்கப் பூனை என்பர். மாமல்லபுரத்திலே, அருச்சுனன் தபசு எனப்படும் ஏழாம் நூற்றாண்டுச் சிற்பத் தொகுதியில், பின்னங்கால்களை ஊன்றி முன்னங்கால்களை மேலே தூக்கித் தவஞ்செய்யும் பூனையொன்று உண்டு. அதன் காலடியிலே எலிகள் அச்சமின்றி நிற்கும். பஞ்சுவை யாம் அத்தகைய ஒரு தவப் பூனையாக்கவே முயன்றோம். ஆனால் அது பொய்க்கோலம் பூண மறுத்துவிட்டது. எம்மைக் காட்டிலும் நேர்மையுடையது எனலாம்.

மூன்றாம் நாள் நல்லூர்க் கந்தனுக்குக் கொடியேற்றம். காலையிலே கோயிலுக்குச் சென்று மீண்டோம். வழக்கமாகப் படலை திறக்கும் ஓசை கேட்டதும் ஓடிவரும் பூனை அன்று வரவில்லை. பேத்தி விட்டுச்சென்ற அட்டைப் பெட்டிக்குள்ளே சுருண்டு கிடந்தது. தூக்கியபோது தலை நிமிரவில்லை. எம் மனையாளின் கோபம் அந்தக் கணத்திலே எங்கு போயிற்றோ தெரியவில்லை. "இஞ்சாருங்கோ, பிள்ளைக்கு என்ன பதில் சொல்லப்போறம்?" என்று மட்டும் கேட்டாள். யாம் பெட்டியோடு மிருக வைத்தியரிடம் ஓடினோம்.

வைத்தியர் இளைஞர். அவருடைய மேசைமேல் இருந்த பழைய மாணவர் சங்க நாட்காட்டியினால் அவரும் எமது கல்லூரியிற் கற்றவர் என அறிந்தோம். யாம் விடுதியை விட்டுச் சென்று கால் நூற்றாண்டுக்குப் பின்னர் பிறந்திருப்பார். பஞ்சுவின் வாயைத் திறந்து பல்லையும் முரசையும் நோக்கினார், வயிற்றைத் தடவிப் பார்த்தார், காய்ச்சல் பார்த்தார். நோய் எதுவும் தென்படவில்லை. என்ன கொடுத்தீர்கள் என வினவினார். யாம் ஐந்து சிரட்டைகளையும் ஒழுங்கு பிசகாமல் ஒப்புவித்தோம். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார் என்பது தெளிவாகத் தெரிந்தது.

"ஐயா, மனிசன் சைவமாய் இருக்கலாம். நாய்கூட ஒருமாதிரிச் சமாளிச்சுப் போடும். பூனைக்கு ஏலாது."

அதன்மேல் அவர் கூறியவற்றை இங்கே தொகுத்துத் தருவாம். பூனை ஊனுண்டே வாழுமாறு அமைந்த பிராணி. ரோறின் என்னும் சத்து அதற்கு இன்றியமையாதது. அதைத் தன் தேவைக்கேற்ற அளவு தன் உடலிலே ஆக்கிக்கொள்ளப் பூனையால் இயலாது. அது புலாலிலும் மீனிலும் உண்டு. மரக்கறியிலே இல்லை எனலாம். அச்சத்துக் குறைந்தாற் கண்ணின் விழித்திரை கெடும் என்பதை 1975ஆம் ஆண்டிலும், இருதயத் தசை நலியும் என்பதை 1987ஆம் ஆண்டிலும் ஆய்வாளர் வெளியிட்டனர். கரட்டிலும் கீரையிலும் உள்ள பொருளை யாம் விற்றமின் ஏ ஆக மாற்றிக்கொள்கின்றோம். பூனைக்கு அவ்வாற்றல் இல்லை. எமது நாவிலே ஏறத்தாழ 9,000 சுவை அரும்புகள் உள; பூனையின் நாவிலோ சில நூறுதான். இனிப்பை அது உணர்வதே இல்லை. அதற்கு வேண்டிய மரபணுக்களுள் ஒன்று பூனையினத்திலே செயலற்றுப் போயிற்று என்பதை 2005ஆம் ஆண்டிலே பிலடெல்பியா நகரத்து ஆய்வாளர் கண்டறிந்தனர். புலிக்கும் அஃதே நிலை. எம் மனையாளின் பாயாசம் எத்துணை இனித்தாலும் பஞ்சுவுக்கு அது வெறும் வெண்ணிறக் கூழே. பாலும் அவ்வாறே, குட்டிப்பருவம் கடந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலிலுள்ள வெல்லம் செரிப்பதில்லை. கம்பரின் பூனை கடலைக் குடித்திருந்தால் அதன் வயிறு என்ன பாடுபட்டிருக்குமோ!

இவற்றுள் எம்மை நடுங்கச் செய்தவை இரண்டு. ஒன்று, வெங்காயமும் உள்ளியும் பூனையின் குருதிச் செங்கலங்களை அழிப்பன என்பது. யாம் வைத்த சொதியிலே வெங்காயம் நிறைய இருந்தது. எமது வற்புறுத்தலுக்கு இணங்கி அதனை உண்டிருந்தாற் பூனை நோயுற்றிருக்கும். எமது உணவைத் தொடாததே அதனைக் காத்தது. மற்றையது, பசியினால் இறுதியில் எதையும் உண்ணும் என்று பூனையைப் பட்டினி போடுதல் ஆகாது என்பது. சில நாட்கள் உண்ணாதிருந்தால் உடற்கொழுப்பு ஈரலிலே வந்து குவிந்து, ஈரல் செயலிழக்கத் தொடங்கும். அதன்பின் பூனைக்குப் பசியே எழாது. கொழுத்த பூனைகளுக்கு இவ்வாபத்து மிகுதி. ஒரு முழுநாள் உண்ணாதிருந்தாலே வைத்தியரிடம் கொண்டுவர வேண்டும் என்றார். யாமோ மூன்று நாட்கள் வள்ளுவரைத் துணைக்கழைத்துக்கொண்டு வாளாவிருந்தோம்.

பஞ்சுவின் தோலின்கீழே மருந்துநீர் ஏற்றியபின் வைத்தியர் கூறினார்: "பழைய தீன் கிடைச்சால் அதையே குடுங்கோ. இல்லையெண்டால் மீனை அவிச்சு முள்ளெடுத்து, இளஞ்சூட்டோடை வையுங்கோ. இரவுக்கு இல்லாட்டி விடியவெண்டாலும் தின்னவேணும்."

கடைகள் நான்கில் விசாரித்தோம். பழைய தீன் அந்த வாரம் வரவில்லை. வேறொருவகை வாங்கிவந்து வைத்தோம். பஞ்சு மோந்து பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டது. எஞ்சியது மீன்.

நல்லூர்த் திருவிழா 25 நாட்கள். அந்த 25 நாட்களும் யாழ்ப்பாணத்திலே மச்சம் உண்ணும் குடும்பங்கள் பலவும் அதனை விலக்கி நோன்பிருக்கும். எக்காலத்தும் மச்சம் புகாத எமது வீட்டிலே, கொடியேறிய அன்றே அதனைப் புகவிடுவது எவ்வாறு? யாம் திண்ணையிலே இருந்து நெடுநேரம் யோசித்தோம். கொல்லாமையும் புலால் மறுத்தலும் வள்ளுவர் வகுத்த அறங்கள். ஒரு பூனையைக் காக்கப் பல மீன்களின் உயிர் போகின்றதே. அது எவ்வகை அறம்? இவ்வினாவுக்கு எம்மிடம் அன்றும் விடை இருக்கவில்லை. இன்றும் முழுமையான விடை இல்லை. மனையாளிடம் இதைக் கூற வாயெடுக்குமுன் அவளே வந்து முன்னின்றாள்.

"என்ன யோசினை? கொடி ஏறினது எங்களுக்கு. பூனைக்கு ஏது கொடியேற்றம்? நோன்பு நேர்ந்தது நாங்கள். அந்தச் சீவனைக் கேட்டோ நேர்ந்தனாங்கள்?"

இதற்குமேல் ஒரு சாத்திரமும் எமக்குத் தேவைப்படவில்லை.

மறுநாள் விடியுமுன் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாசையூர் மீன்சந்தைக்குச் சென்றோம். வாழ்நாளில் எழுபதைக் கடந்தபின் முதன்முறையாக மீன் வாங்கச் செல்கின்றவனுடைய நிலையை என்னென்பது! நெற்றியில் வீபூதி, கையிலே பனையோலைப் பை, எது எந்த மீன் என்று தெரியாத மயக்கம். சூடை மீனைக் குவித்து வைத்திருந்த அம்மையார் ஒருவர் எமது நெற்றியையும் பையையும் மாறிமாறி நோக்கினார்.

"ஐயாவுக்குக் கறிக்கோ, பொரியலுக்கோ?"

"பூனைக்கு" என்றோம்.

அருகிலிருந்தோர் அனைவரும் சிரித்துவிட்டனர். அம்மையார் மட்டும் மிக்க பரிவோடு, "கொடி ஏறினால் எல்லாரும் பூனைக்கெண்டுதான் ஐயா வேண்டிறவை. நீங்கள் வெக்கப்படாதையுங்கோ" என்றார். எமக்காகச் சற்றுப் பெரிய மீன்களாகத் தெரிந்தும் தந்தார். உண்மையை நிறுவ வழியின்றி வீடு திரும்பினோம். வழியிலே கோயிற் காரியங்களில் முன்னிற்கும் பெரியார் ஒருவர் எதிர்ப்பட்டு நலம் விசாரித்தார். பையை மறுபுறம் மாற்றிப் பிடித்துக்கொண்டு, காற்று எத்திசையிலிருந்து வீசுகின்றது என்று கவனித்தவாறே விடைகூறினோம். அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதை அவருடைய பெருந்தன்மை என்றே இன்றும் கொள்கின்றோம்.

வளவின் கோடியிலே முருங்கை மரத்தின்கீழ் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினோம். புதிய மண்சட்டி ஒன்று அதற்கென வாங்கப்பட்டது. சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு எம் மனையாளே மீனை அவித்தாள். உப்பில்லை, புளியில்லை, தூளில்லை. முள்ளை நீக்கும் பணி எமதாயிற்று. ஊன்றுகோலுங் கண்ணாடியுமாக இருவர் ஒரு சூடை மீனின் முன்னே குந்தியிருந்த அக்காட்சியை எமது வகுப்புத் தோழர் எவரும் காணாதது எமது நற்பேறு. சிரட்டையிலிட்டுக் குசினியின் பின்வாயிலிலே, வழக்கமான இடத்திலே வைத்தோம்.

பஞ்சு எழுந்து வந்தது. மோந்தது. நாவை ஒருமுறை நீட்டியது. யாமிருவரும் மூச்சையடக்கிக் குனிந்து பார்த்தோம். "தின், குஞ்சு, தின்" என்றாள் மனையாள். "கொஞ்சம் தின்" என்றோம் யாம். பூனை எம்மை நிமிர்ந்து பார்த்தது. வேலிக்கப்பால் அயல்வீட்டு நாய் உறுமியதைக் கேட்டுக் காதை மடித்தது. திரும்பிப் பெட்டிக்குட் சென்று படுத்துக்கொண்டது.

அந்தக் கணத்திலேதான் எமக்கு விடுதி நினைவு வந்தது.

1962ஆம் ஆண்டு தை மாதம், பதினோராம் வயதிலே, தண்ணீரூற்றுக் கிராமத்திலிருந்து எமது தந்தையார் எம்மைக் கொண்டுவந்து கல்லூரி விடுதியிற் சேர்த்தார். வீட்டிலே அம்மாவுக்கு அருகில், அடுக்களையின் மூலையிலே, சுவரோடு சாய்ந்திருந்து உண்டு பழகியவர் யாம். விடுதியிலோ நீண்ட மண்டபம்; நீண்ட வாங்குகள்; நூற்றுக்கு மேற்பட்ட மாணவர்; தட்டுகளின் ஓசை. எமக்கு ஒதுக்கப்பட்டது கதவோரத்து இடம். முதுகுப்புறமாகப் பெரிய மாணவர் போவதும் வருவதுமாக இருப்பர். போகும்போது சிலர் தலையிலே குட்டிவிட்டும் போவர். சோற்றைப் பிசைவோம்; கை வாய்க்குப் போகாது. தொண்டை அடைத்துக்கொள்ளும். விடுதிப் பொறுப்பாளர் இதனைச் செருக்கு என்று கருதினார். "வீட்டிலே என்ன, அமிர்தமோ உண்டவர்?" என்று வினவி, தட்டு வெறுமையாகும்வரை எழுந்திருக்கக்கூடாது எனக் கட்டளையிட்டு அருகிலே நின்றார். அவர் எவ்வளவு அருகிலே நின்றாரோ அவ்வளவுக்குத் தொண்டை இறுகிற்று. அவரைக் குறைகூறுவதற்கில்லை. எம் மனையாளும் யாமும் பஞ்சுவின் அருகே குனிந்து நின்றபோது எமது நோக்கமும் நல்லதாகவே இருந்தது.

விடுதிச் சமையற்காரரை எல்லோரும் அப்பு என்றே அழைப்போம். முதிய மனிதர், பேச்சுக் குறைவு. மூன்றாம் நாள் இரவு, மற்றையோர் படிக்கச் சென்றபின், "தம்பி, உந்த விறகிலை நாலு எடுத்துக்கொண்டு வா" என்று எம்மைச் சமையற்கட்டுக்குள் அழைத்தார். விறகைக் கொண்டுபோய் வைத்தோம். அடுப்படிச் சுவரோரம் ஒரு பலகை போடப்பட்டிருந்தது. அதன் முன்னே ஒரு கோப்பையிலே சோறும் சம்பலும் இருந்தன. அப்பு எம்மை இரு என்றோ உண் என்றோ சொல்லவில்லை. எமக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, பெரிய கிடாரத்தைத் தேய்க்கத் தொடங்கினார். நெடுநேரம் தேய்த்தார். ஏற்கெனவே தேய்த்துக் கழுவிய கிடாரம் அது என்பது எமக்கு அப்போது தெரியாது. யாம் சுவரோடு சாய்ந்திருந்து முழுவதையும் உண்டோம். அழுதுகொண்டு உண்டோம் என்பதையும் இங்கே எழுதுவதில் இனி வெட்கமில்லை.

நான்கைந்து நாட்கள் அவ்வாறு சென்றன. பின்னொரு நாள், "உன்ரை தட்டை நீயே கொண்டுபோய் அந்தச் சுவரோரத்திலை இரு" என்றார். மண்டபத்தின் உட்சுவரோரம் எமக்கு ஓர் இடம் எவ்வாறோ ஏற்பட்டிருந்தது. அன்று முதல் ஆறு ஆண்டுகள் அங்கேயே இருந்து உண்டோம். சுவைத்து உண்டோம், மறுசோறும் கேட்டோம்.

இந்நினைவு வந்ததும் மீன் சிரட்டையை எடுத்துக்கொண்டு வீட்டினுள்ளே சாமான் அறைக்குச் சென்றோம். நெல்மூட்டைக்குப் பின்னால், இருபுறமும் சுவர் அமைந்த ஒரு மூலை உண்டு. பேத்தியின் பழைய சட்டை ஒன்றை மனையாள் தேடியெடுத்து அங்கே விரித்தாள். ஆறிப்போன மீனைக் கொதிநீர்ப் பாத்திரத்தின்மேல் வைத்து இளஞ்சூடாக்கினோம். பூனைக்கு உணவின் சுவையிலும் மணமே பெரிது என வைத்தியர் சொல்லியிருந்தார். ஆழமான சிரட்டையை விடுத்து அகன்ற தட்டிலே இட்டோம். பஞ்சுவைக் கொண்டுவந்து சட்டையின்மேல் விட்டோம். பின்னர் யாமிருவரும் அதற்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றோம். மனையாள் உழுந்து புடைத்தாள். உண்மையிலே அவ்வுழுந்து புடைக்கவேண்டிய நிலையில் இருக்கவில்லை.

சுளகின் ஓசைக்கிடையே இன்னொரு மெல்லிய ஓசை கேட்டது. நக்கும் ஓசை, பின் மெல்லும் ஓசை. யாம் திரும்பிப் பார்க்கவில்லை. மனையாளின் கையிலே சுளகு நின்றது. "நிற்பாட்டாதை, புடை" என்றோம். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு புடைத்தாள்.

அதன்மேல் நடந்தவை விரைந்து சொல்லத்தக்கவை. திருவிழா முடியும்வரை பாசையூர் அம்மையார் எமக்கு மீன் தந்தார். பூனைக்கென்பதை இறுதிவரை அவர் நம்பவில்லை. மீன் மாத்திரம் பூனைக்கு நிறையுணவாகாது என்பதாலும், பச்சைச் சூடை மீனிலே உயிர்ச்சத்து பீ ஒன்றை அழிக்கும் பொருள் உண்டு என்பதாலும், அவித்தே கொடுத்தோம். கடைக்கு உலர்தீன் வந்ததும் அதனையும் சேர்த்தோம். இம்முறை அவசரப்படவில்லை. முதல்நாள் ஒரு சிட்டிகை, மறுநாள் இரண்டு, இவ்வாறு பத்து நாட்களிலே பாதிக்குப் பாதியாயிற்று. ஒரே நாளிலே பழையதை நிறுத்திப் புதியதைப் புகுத்தியதே எமது முதற்பிழை. பெருந்தட்டு ஒன்றை நிரப்பி வைக்காமல், சிறுசிறு அளவாக நாளுக்கு ஐந்துமுறை வைத்தோம். சிற்றெலிகளைப் பிடித்துண்டு வாழ்ந்த இனமாதலால் சிறிது சிறிதாகப் பலமுறை உண்பதே அதன் இயல்பு. உண்ணாவிடில் அரைமணி நேரத்திலே எடுத்துவிட்டு, அடுத்த வேளைக்குப் புதிதாக வைப்போம். ஒன்றை மறுத்தவுடன் இன்னொன்றை ஏந்திக்கொண்டு ஓடுவதை நிறுத்தினோம். அவ்வாறு ஓடினால் மறுப்பதையே பூனை பழகிக்கொள்ளும் என்றார் வைத்தியர். அப்புவும் எமக்கு ஐந்து கறி வைத்தாரில்லை. எல்லோருக்கும் வைத்த சோற்றையே வைத்தார். வைத்த இடம் வேறு.

புரட்டாதி பிறக்குமுன் கனடாவிலே பள்ளிக்கூடம் தொடங்கிற்று. ஒருநாள் தொலைபேசித் திரையிலே மகள் மிகவும் சலிப்போடு தோன்றினாள். பேத்தி பள்ளிக்குக் கொண்டுசெல்லும் மதிய உணவை நாள்தோறும் திறவாமலே திரும்பக் கொண்டுவருகின்றாளாம். புட்டுக் கொடுத்தாலும் அப்படியே. பாண் கொடுத்தாலும் அப்படியே. "செல்லம் குடுத்துக் கெடுத்துப்போட்டம், அம்மா. இரண்டு நாள் பசி கிடந்தால் தெரியும்" என்றாள்.

எம் மனையாளின் முகம் மாறிற்று. "ஏசாதை, பிள்ளை. முதல் அவளை எந்த இடத்திலை இருத்துறாங்கள் எண்டு கேள்" என்றாள்.

கேட்டறிய ஒருவாரம் சென்றது. வகுப்பிலே யாரோ ஒரு குழந்தை புட்டை நோக்கி மூக்கைச் சுளித்ததாம். அன்று தொட்டுப் பெட்டியைத் திறக்கவே அவளுக்கு அச்சம். பாணாயினும் திறக்கவேண்டுமன்றோ? மகள் ஆசிரியையிடம் பேசினாள். ஆசிரியை ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை. சன்னலோரத்திலே, தன்னைப்போலவே தனித்திருந்த வேறொரு நாட்டுச் சிறுமியின் பக்கத்திலே அவளுக்கு இடம் மாற்றிக் கொடுத்தார்.

இப்போதெல்லாம் எமக்கு மாலையாகும்போது அவளுக்குக் காலை. காலையுணவை முன்னால் வைத்துக்கொண்டு திரையிலே தோன்றுவாள். "பஞ்சு சாப்பிட்டவளோ?" என்பதே முதற்கேள்வி. சாப்பிட்டாள் என்போம். "நீ சாப்பிட்டனியோ?" என்று யாம் கேட்பதில்லை. பூனையைக் காட்டுகின்றோம் என்று சொல்லித் தொலைபேசியைச் சாமான் அறைப் பக்கம் திருப்பிவிட்டு, சிறிதுநேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருப்போம். திரும்ப முகத்தைக் காட்டும்போது அவளுடைய தட்டிலே பாதி குறைந்திருக்கும்.

எமது கல்லூரி மண்டபத்துச் சுவரிலே அதிபர்களின் திருவுருவப் படங்கள் வரிசையாக உள. அவற்றைக் கண்டு கைகூப்பாது யாம் கடந்ததில்லை. அப்புவின் படம் அங்கில்லை. அவருடைய இயற்பெயர் யாது, ஊர் யாது என்று ஆறு ஆண்டுகளில் ஒருநாளேனும் யாம் கேட்டறிந்தோமில்லை. இன்று கேட்பதற்கும் ஆளில்லை. அறிவை ஊட்டிய ஆசான்மாரைப் பிறர் இம்மலரிலே போற்றியிருப்பர். சோறிட்டுவிட்டுத் திரும்பி நின்ற ஒருவருக்கு யாம் பட்ட கடனை, ஒரு பூனை வந்து நினைவூட்டியது. அக்கடனுக்கு வட்டியாகவேனும் இப்பக்கங்கள் அமைக.